மூன்றாம் அறிவு: மும்பை நகரில் வாடையும் நோயும் மனிதரும்

உயிர்களைப் பகுக்க வந்த தொல்காப்பியர், மரபியலில் அவற்றை அறிவின் எண்ணிக்கையால் ஆறு வகுப்பாக்கி வைத்தார் என்பது தமிழ் படித்த எல்லோருக்கும் தெரிந்த செய்தி. தொட்டு உணர்வது முதலறிவு. அது புல்லுக்கும் மரத்துக்கும் உண்டு. நாவினால் உணர்வது இரண்டாவது. நத்தைக்கும் சிப்பிக்கும் உண்டு. மூக்கினால் உணர்வது மூன்றாவது. கறையானுக்கும் எறும்புக்கும் உண்டு. பிறகு கண், பிறகு செவி, கடைசியில் மனம்.

சமணர்களின் தத்துவார்த்த சூத்திரத்தைப் புரட்டினால் அங்கேயும் இதே வரிசைதான். தொடுதல், சுவைத்தல், முகர்தல், காணல், கேட்டல். அங்கேயும் மூன்று புலன் உயிருக்கு எடுத்துக்காட்டு எறும்புதான். இந்த ஒற்றுமையையும் ஒரு சான்றாகக் கொண்டு தொல்காப்பியர் சமணர் என்று எஸ். வையாபுரிப்பிள்ளை போன்ற அறிஞர்கள் வாதிட்டார்கள், மறுத்தவர்களும் உண்டு. அந்த வழக்குக்குள் நான் இப்போது போகவில்லை. எனக்கு வேண்டியது அந்த மூன்றாம் அறிவு மட்டும்.

காரணம், நான் மூக்கை வச்சுப் பிழைக்கிறவன். வந்தவாசிப் பக்கத்துத் தமிழ்ச் சமணக் குடும்பம். நாற்பது வருஷத்துக்கு மேலாக மும்பையில் பெருங்காயம், ஏலம், மிளகு வியாபாரம். மஸ்ஜித் பந்தரில் மூட்டை பிரித்து முகர்ந்து பார்த்தே ஈரானியா, ஆப்கானியா, பிசின் எத்தனை, மாவு எத்தனை என்று சொல்லிவிடப் பழகியவன். கல்லூரிப் படிப்பு கிடையாது. கடை மூடிய பிறகு படித்ததுதான் என் படிப்பு. அந்தப் படிப்பில் எனக்குத் தட்டுப்பட்ட ஒரு விஷயத்தை இந்த மலரின் வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். நாம் குடியிருக்கும் இந்த மும்பை நகரத்தில் எந்தத் தொழில் எங்கே, எந்த மனிதர் எங்கே என்று வரைந்த வரைபடத்தில் பெரும்பகுதியை வரைந்தது மூக்குதான். 'சுகாதாரம்' என்ற பெயரில் அது நடந்தது. அதில் எது உண்மை, எது வெறும் அருவருப்பு என்று பிரித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சொல் மாறிய கதை

முதலில் ஒரு சொல் ஆராய்ச்சி. இன்று ஒரு வீட்டுக்குள் போய் 'நாற்றம் வருகிறது' என்று சொன்னால் வீட்டுக்காரர் கோபித்துக்கொள்வார். பழந்தமிழில் நாற்றம் என்றால் நறுமணம். நாச்சியார் திருமொழியில் கண்ணனின் திருவாய் மணத்தைச் சங்கிடம் விசாரிக்கும் ஆண்டாள், 'நாறு' என்ற வினையைத்தான் ஆள்கிறாள். நாற்றம் தன்னளவில் கெட்டதாக இருந்திருந்தால் 'துர்நாற்றம்' என்று முன்னால் ஒரு 'துர்' போடவே தேவை வந்திருக்காது.

'வாடை' இன்னொரு சொல். சங்கத் தமிழில் அது வடக்கிலிருந்து வீசும் குளிர்காற்று. இன்று பேச்சு வழக்கில் மீன் வாடை, எண்ணெய் வாடை என்று மணத்துக்கே ஆகிவிட்டது. ஆக, மூக்குக்கு எட்டுவது நல்லதா கெட்டதா என்பது மணத்திலேயே எழுதி ஒட்டியிருக்கவில்லை. காலமும் பழக்கமும் சேர்ந்து ஒட்டுகிற சீட்டு அது.

என் சரக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். பெருங்காயம் நம் வீட்டுச் சாம்பாருக்கு உயிர். ஐரோப்பியர்கள் அதற்கு வைத்த பெயர் பிசாசின் மலம்! அதே பிசின், அதே கந்தகம் கலந்த எண்ணெய், மூக்குதான் வேறு. வெங்காயம், பூண்டு சேர்க்காத சமணச் சமையலில் அந்தக் குறையை நிரப்புவது பெருங்காயமே. ஏனென்றால் பூண்டின் மணமும் பெருங்காயத்தின் மணமும் கந்தகச் சேர்மங்களால் வருபவை, கிட்டத்தட்ட பங்காளிகள். இதைச் சொன்னால் எங்கள் ஆட்கள் சிலர் சிரிப்பார்கள், சிலர் முறைப்பார்கள்.

வாடையே நோய் என்ற காலம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தின் மருத்துவர்களும் சுகாதார அதிகாரிகளும் பெரும்பாலும் ஒரு கொள்கையை நம்பினார்கள். அழுகிய பொருளிலிருந்து கிளம்பும் கெட்ட காற்றே நோய் என்பது அது. மலேரியா என்ற பெயருக்கே இத்தாலிய மொழியில் கெட்ட காற்று என்றுதான் பொருள். எட்வின் சாட்விக் என்ற சுகாதாரச் சீர்திருத்தக்காரர், கடுமையான வாடை எல்லாமே நோய்தான் என்று 1846-ல் பாராளுமன்றக் குழு முன் சாட்சியம் சொன்னார். 1854-ல் ஜான் ஸ்னோ என்ற மருத்துவர், லண்டன் பிராட் தெருவில் காலரா பரவியது ஒரு குழாயடித் தண்ணீரால் என்று காட்டினார். பெரும்பாலோர் ஏற்கவில்லை.

1858 கோடையில் தேம்ஸ் நதி நாறிப் பாராளுமன்றத்தாராலேயே உட்கார முடியாமல் போனது. உடனே பணம் ஒதுக்கினார்கள். பசல்ஜெட் என்ற பொறியாளர் நகரத்துக்கு அடியில் பெரும் சாக்கடைகள் கட்டினார். வாடையை ஒழிக்கக் கட்டிய சாக்கடை, குடிநீரில் கழிவு கலப்பதைக் குறைத்தது; காலராவும் குறைந்தது. கொள்கை தப்பு, வேலை சரி. இந்த நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும்.

கெட்ட காற்றை அஞ்சியவர்கள் வெள்ளைக்காரர்கள் மட்டும் என்றும் நினைக்க வேண்டாம். அம்மை கண்ட வீட்டில் வேப்பிலை செருகுவதும், சாம்பிராணி போடுவதும் நம் வீடுகளில் தொன்றுதொட்டு வருபவை. வித்தியாசம் என்னவென்றால், நம் பாட்டிமார் நம் வீட்டுக்குள்தான் புகை போட்டார்கள். அரசாங்கம் கையில் எடுத்தபோது அது ஊரையே இடம் மாற்றியது.

பம்பாயில் ஆர்தர் க்ராஃபோர்டு 1865 முதல் 1871 வரை மாநகராட்சி ஆணையர். அவர் பெயரில்தான் க்ராஃபோர்டு மார்க்கெட். நகரத்துக்குள் இருந்த ஆடு மாடு அறுக்கும் கொட்டில்கள் 1860களில் மாஹிம் கழிமுகத்துக்கு அப்பால் பாந்த்ராவுக்குப் போயின. தோல் பதனிடுவோர், நரம்பு காய்ச்சுவோர் போன்றவர்களின் பிழைப்பு 'அருவருப்பான தொழில்கள்' என்று பட்டியலிடப்பட்டு வடக்கே தள்ளப்பட்டது. பாந்த்ராவில் தோல் உரியும்; நடுவில் கழிமுகத் தண்ணீர்; தீவின் வடக்கு விளிம்பில் யாருக்கும் வேண்டாத சதுப்பு நிலம். தோல் கிடங்குக்கு இதைவிடத் தோதான இடம் வேறில்லை. அந்த இடம்தான் தாராவி.

அங்கே யாரும் இல்லாமல் இல்லை. கோலி மீனவர்களின் பழைய ஊர்களில் ஒன்று அது. தோல் கழிவும் நகரச் சாக்கடையும் சேர்ந்து கழிமுகத்தைக் கெடுத்தன, சதுப்பு தூர்ந்தது, கோலிகளின் மீன்பிடிப்பு போனது. அவர்கள் மூக்கை யாரும் கேட்கவில்லை.

தொட்டிக்கரைத் தமிழர்

தாராவிக்கு முதல் தோல் கிடங்கு வந்தது 1887 வாக்கில் என்று சொல்வார்கள். திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த முஸ்லிம் தோல் வணிகர்களும், அதே சீமையின் ஆதிதிராவிடத் தொழிலாளர்களும் இந்தத் தொழிலின் இரண்டு கைகள். அங்குள்ள படி மஸ்ஜித் 1887-ல் தொடங்கியது என்றும், தமிழர்கள் எழுப்பிய விநாயகர் கோயில் 1913-ஐச் சேர்ந்தது என்றும் கூறப்படுகிறது. மாட்டுங்காவில் நம்மவர் ஆஸ்திக சமாஜம் தொடங்கியது 1923-ல். ஆக மும்பைத் தமிழர் வரலாற்றை எழுதுகிறவர்கள் மாட்டுங்காவின் காபி மணத்தில் தொடங்கினால் அது பாதி வரலாறுதான். அதற்கு முன்னாலேயே தாராவித் தொட்டியில் தமிழ் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அந்தத் தொழில் எப்படி என்று இளைய தலைமுறைக்குச் சொல்ல வேண்டும். உப்புப் போட்ட பச்சைத் தோலை முதலில் ஊறவைத்துக் கழுவுவார்கள். பிறகு சுண்ணாம்புத் தொட்டியில் நாள்கணக்கில் போட்டால் மயிர் தளரும். அதை மழிப்பார்கள்; உள்பக்கத்து ஊனைச் சுரண்டுவார்கள். அப்புறம் ஆவாரம் பட்டை, கடுக்காய் ஊறிய தண்ணீரில் மாற்றி மாற்றிப் போட்டால் தோல் பதமாகும். ஆவாரமும் கடுக்காயும் நாட்டு மருந்துக் கடைச் சரக்குதானே! சென்னை மாகாணத்தில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் 1903-ல் தொடங்கிய முயற்சிக்குப் பிறகு குரோம் உப்பு முறை பரவலாயிற்று.

இதில் வாடை எங்கே, நோய் எங்கே என்று பார்ப்போம். பட்டைத் தண்ணீருக்கு உள்ளது ஒரு மாதிரி துவர்ப்பு மணம், அதனால் கேடில்லை. அழுகும் ஊனும், மயிர் கழற்றப் போடும் கந்தக மருந்தும்தான் குமட்டும். அந்தக் கந்தக மருந்தோடு அமிலம் கலந்தால் கிளம்பும் வாயு தொட்டிக்குள் இறங்கும் ஆளைக் கொன்றே விடும். அடைப்பான் நோய் பச்சைத் தோலைக் கையாளுவோருக்குத் தொற்றக்கூடியது. அதற்கு வாடையே கிடையாது. குரோம் உப்பால் கையில் வரும் தோல் வியாதிக்கும் வாடை கிடையாது. அதாவது தெருவில் போகிறவர் மூக்கைப் பொத்திக்கொண்ட வாடையால் அந்தத் தெருவில் போகிறவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆபத்து முழுக்கத் தொட்டிக்குள் நின்றவருக்கு. ஆனால் சட்டம் போட்டது தெருவில் போனவரின் மூக்குக்காக. தொட்டிக்குள் நின்றவருக்குக் கையுறை வாங்கித் தரச் சொல்லி அந்தக் காலத்தில் யாரும் எழுதிவைக்கவில்லை.

இங்கே சாதியையும் சொல்லாமல் விட்டால் கட்டுரை பொய்யாகிவிடும். தோல் வேலை செய்தவரை ஊரில் எந்தக் காரணம் சொல்லி ஒதுக்கினார்களோ, அதற்குப் பம்பாயில் சுகாதாரம் என்று மாநகராட்சி முத்திரை கிடைத்தது. தீட்டு என்ற பழைய சொல் கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு வந்த மாதிரி.

மாண்ட்வி, 1896

வாடைக் கொள்கைக்குப் பெரிய பரீட்சை 1896-ல் வந்தது. அந்த வருஷம் செப்டம்பரில் டாக்டர் அகாசியோ வியேகஸ், மாண்ட்வி பகுதியில் பிளேக் நோயைக் கண்டு சொன்னார். மாண்ட்வி தாராவியில் இல்லை. தெற்கே துறைமுகத்தை ஒட்டிய தானிய மண்டி. இன்றும் நான் சரக்கு எடுக்கப் போகும் மஸ்ஜித் பந்தருக்கு அடுத்தது. நம் தமிழ்நாட்டு வீடுகளில் எல்.ஜி. என்று அறியப்பட்ட பெருங்காயம் 1894-ல் தொடங்கியதும் இந்தப் பம்பாயில்தான். அப்படி மஞ்சளும் மிளகும் பெருங்காயமும் மணந்த வணிகப் பேட்டையில்தான் நோய் முதலில் தலைகாட்டியது.

நகர நிர்வாகம் என்ன செய்தது? தெரிந்ததைச் செய்தது. கார்பாலிக் அமிலம் தெளித்தார்கள். சாக்கடைகளில் கடல் தண்ணீரை விட்டுக் கழுவினார்கள். காற்றும் வெளிச்சமும் வரட்டும் என்று கூரை ஓடுகளைப் பிரித்தார்கள். குடியிருக்கத் தகாதவை என்று வீடுகளில் எழுத்துக் குறி போட்டார்கள். 1897-ல் கொள்ளை நோய்ச் சட்டம் வந்தது. வீடு புகுந்து சோதனை நடந்தது. புனாவில் அதன் கொடுமை தாங்காமல் சாபேகர் சகோதரர்கள் அதிகாரி ராண்டைச் சுட்டது அந்த வருஷம் ஜூனில். லட்சக்கணக்கானோர் பம்பாயை விட்டு ஓடினார்கள்.

கிருமியை அலெக்சாண்டர் யெர்சின் 1894-லேயே ஹாங்காங்கில் கண்டுவிட்டார். பரப்புவது எலியின் மேல் வாழும் தெள்ளுப்பூச்சி என்று 1898-ல் கராச்சியில் பால் லூயி சிமோன் காட்டினார். உடனே நம்பியவர் குறைவு. 1905-க்குப் பிறகு பரேலில் நடந்த ஆராய்ச்சிகள்தான் அதை ஐயமற நிலைநாட்டின. எலி வந்தது எதற்காக? தானியத்துக்காக. சுத்தமான, மணக்கிற, பணம் புழங்குகிற கிடங்குகளின் தானியத்துக்காக. தெள்ளுப்பூச்சிக்கு வாடை இல்லை. சாக்கடையைக் கழுவக் கழுவ எலிகள் கலைந்து வேறு வீடுகளுக்கு ஓடியிருக்கும் என்றும் சொல்கிறார்கள். அடுத்த சில பத்தாண்டுகளில் இந்தியாவில் ஒரு கோடிக்கு மேற்பட்ட உயிர்களைக் குடித்தது அந்தப் பிளேக். கோயமுத்தூர்க்காரர்கள் பிளேக் மாரியம்மன் என்று கோயிலே எழுப்பினார்கள்.

இதற்கு மாற்றாக அன்று ஒரே ஒரு காரியம் நடந்தது. வால்டெமார் ஹாஃப்கின் என்ற யூத விஞ்ஞானி பம்பாயில் தடுப்பூசி செய்து, 1897 ஜனவரி 10 அன்று தன் உடம்பிலேயே முதலில் போட்டுப் பார்த்தார். பரேலில் இன்றும் அவர் பெயரில் நிறுவனம் இருக்கிறது. அவர் மூக்கை நம்பவில்லை, நுண்ணோக்கியை நம்பினார்.

காற்றுக்காகக் கட்டிய மாட்டுங்கா

பிளேக்கின் பிள்ளைதான் நம் மாட்டுங்கா என்றால் ஆச்சரியமாக இருக்கும். 1898-ல் பம்பாய் நகர மேம்பாட்டு டிரஸ்ட் அமைந்தது. கடற்காற்றை நெரிசலான உட்பகுதிக்கு இழுத்துவரப் பிரின்சஸ் தெரு, சாண்ட்ஹர்ஸ்ட் சாலை போன்ற அகன்ற வீதிகளைத் திறந்தது. வடக்கே தாதர், மாட்டுங்கா, வடாலா, சயான் பகுதிகளில் திட்டமிட்ட குடியிருப்புகளை வகுத்தது. ஐந்து பூங்காக்கள், மரம் வைத்த சாலைகள், வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் இடைவெளி எல்லாம் கெட்ட காற்று தேங்கக்கூடாது என்ற எண்ணத்தில் பிறந்தவை. நம்மவர் 1920களிலும் 30களிலும் அங்கே குடியேறி, பள்ளியும் கோயிலும் பஜனை சமாஜமும் காபிக் கடையும் கண்டார்கள். மாட்டுங்கா பூக்கடைகளில் மதுரை மல்லி மணப்பதற்கும், அதிக தூரமில்லாத தாராவியில் தோல் நாறியதற்கும் வேர் ஒன்றே: வாடைக்குப் பயந்த ஒரு நகரத்தின் திட்டம். ஒரு பக்கம் காற்றை அழைத்தது. இன்னொரு பக்கம் வாடையைத் தள்ளியது. இரண்டு பக்கமும் தமிழர்களே இருந்தார்கள் என்பதுதான் நமக்கு உறைக்க வேண்டிய செய்தி.

அந்த மாட்டுங்காவில் குடியிருப்புகளுக்கு முன்னாலேயே ஒரு இல்லம் வந்துவிட்டது. 1890-ல் ஆணையர் அக்வொர்த் முயற்சியில் தொழுநோயாளிகளுக்காக ஏற்பட்ட இல்லம் அது. இன்று வடாலாவில் அக்வொர்த் மருத்துவமனை என்று இருக்கிறது. தொழுநோய்க் கிருமியை நார்வே நாட்டு ஹேன்சன் 1873-லேயே கண்டிருந்தார். அது எளிதில் தொற்றாது என்பதும், மருந்தால் குணமாகும் என்பதும் இன்று தெரிந்தவை. ஆனாலும் 1898-ஆம் ஆண்டுத் தொழுநோயாளர் சட்டத்தை நாம் ரத்து செய்தது 2016-ல். தொழுநோயை விவாகரத்துக்குக் காரணமாகக் காட்டலாம் என்ற விதியை நீக்கியது 2019-ல். கிருமி செத்த பிறகும் அருவருப்பு சாக இத்தனை காலம்.

மூக்கு சரியாகச் சொன்ன இடம்: செம்பூர்

இதுவரை சொன்னதை வைத்து, மூக்கே வேண்டாம் என்று நான் சொல்வதாக நினைக்கக் கூடாது. எறும்பு மூக்கில்லாமல் வழி காணாது. நமக்கும் அது காவல்காரன். வீட்டுக்கு வரும் சமையல் வாயுவுக்கு இயற்கையில் வாடை கிடையாது. கசிந்தால் தெரியட்டும் என்றே எத்தில் மெர்காப்டன் என்ற கந்தகப் பொருளைத் துளியூண்டு கலக்கிறார்கள். 1937-ல் அமெரிக்காவின் டெக்சாஸில் ஒரு பள்ளிக்கூடத்தில் வாடையில்லாத எரிவாயு கசிந்து வெடித்து முந்நூறு பேர் அளவில், பெரும்பாலும் குழந்தைகள், மாண்ட பிறகு இந்தப் பழக்கம் சட்டமாகப் பரவியது. நாற்றத்தைக் காசு கொடுத்துச் சேர்த்து உயிரைக் காப்பாற்றிக்கொள்கிறோம்!

செம்பூர்க்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். டிராம்பேயில் 1954-லும் 1955-லும் இரண்டு எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகள் வந்தன. 1960களில் உர ஆலை வந்தது. அழுகிய முட்டை மாதிரியும் அமோனியா மாதிரியும் ராத்திரியில் வாடை வரும். ஊரார் செம்பூரை கேஸ் சேம்பர் என்றே சொல்லிவந்தார்கள். 1984 டிசம்பரில் போபாலில் விஷவாயு ஆயிரக்கணக்கானோரைக் கொன்ற பிறகு, செம்பூரில் ராத்திரி வாடை வந்தால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்து நின்ற தாய்மார்களை நான் பார்த்திருக்கிறேன்.

இங்கே மூக்கு சொன்னது பொய்யில்லை. மாஹுல், அம்பாபாடா மக்கள் வருஷக்கணக்கில் முறையிட்டார்கள். அங்குள்ள காற்றால் குடியிருப்போர் உடல்நலத்துக்கு ஆபத்து இருக்கிறது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015 டிசம்பரில் சொல்லிற்று. அதற்குப் பிறகும் தான்சா குடிநீர்க் குழாய் ஓரத்துக் குடிசைகளை இடித்து அந்த ஏழைகளை மாஹுல் அடுக்ககங்களுக்கு அனுப்பினார்கள். கட்டாயப்படுத்தி அங்கே அனுப்பக் கூடாது என்று 2019-ல் பம்பாய் உயர்நீதிமன்றம் தலையிட வேண்டியிருந்தது.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தாராவித் தோல் வாடை பெரிய மனிதர்களின் மூக்குக்கு எட்டியபோது நகரமே இடம் மாறியது. மாஹுலின் விஷக்காற்று ஏழையின் மூக்குக்கு எட்டியபோது அவன் வாக்கு மூலம் கோர்ட்டு வரைக்கும் நடக்க வேண்டியிருந்தது. மூக்கு நல்ல சாட்சி. ஆனால் எல்லார் சாட்சியமும் ஒரே தராசில் நிறுக்கப்படவில்லை. அதைவிட, சாட்சியையே நீதிபதி நாற்காலியில் உட்கார்த்தி வைத்ததால் வந்த கேடு பெரிது.

அடுக்ககத்து மூக்கு

இன்று இந்த விவகாரம் நம் வீட்டு வாசலுக்கே வந்திருக்கிறது. மும்பையில் வீடு தேடுகிறவர்களுக்குத் தெரியும், தரகர் கேட்கும் முதல் கேள்வி: "நீங்க வெஜிடேரியனா?" எனக்கு வீடு கிடைப்பதில் சிரமமே வந்ததில்லை. "ஜைன்" என்று சொன்னால் போதும். "மதராசி ஜைனா?" என்று ஒரு நிமிஷம் ஆச்சரியப்பட்டுவிட்டுச் சாவியை எடுத்துவிடுவார்கள். அதே கட்டடத்தில் அதே வாரம் தூத்துக்குடி நண்பர் ஒருவருக்கு இல்லை என்றார்கள். காரணம் கேட்டால் மீன் வாடை. அவர் சொன்னார்: "அண்ணாச்சி, நான் வாரத்துல ரெண்டு நாள் மீன் வைப்பேன். நீங்க வாரத்துல ஏழு நாள் பெருங்காயம் விக்கிறீங்க. உங்க சட்டை என் சட்டைய விட வாடை!" நான் பதில் பேசவில்லை, பேச இடமுமில்லை.

கூட்டுறவு வீட்டுச் சங்கம் தன் உறுப்பினர்களை ஒரு சமூகத்தாராக மட்டும் வரையறுத்துக்கொள்ளலாம் என்று 2005-ல் உச்ச நீதிமன்றம், அகமதாபாத் பார்சி வீட்டுச் சங்க வழக்கில் தீர்ப்புச் சொன்னது. சட்டத்தின் வழி அது. என் கேள்வி அறத்தின் வழி. 'ஜைன மதப்படி' என்று எங்கள் பெயரைச் சொல்லி இது நடப்பதால் எங்கள் நூல் என்ன சொல்கிறது என்று காட்டுவது என் கடமையாகிறது.

தமிழ்ச் சமண வீடுகளில் ஓதப்படும் அருங்கலச்செப்பு, சமந்தபத்திரரின் இரத்தினகரண்டகத்தைத் தழுவியது என்பர். நற்காட்சிக்கு எட்டு உறுப்புகள் என்று இந்நூல்கள் வகுக்கின்றன. அவற்றில் மூன்றாவது அருவருப்பின்மை, வடமொழியில் நிர்விசிகிற்சை. உடம்பு இயல்பாகவே அழுக்கானது, உள்ளிருக்கும் உயிரின் குணத்தைப் பார்த்து அன்பு செய், முகம் சுளிக்காதே என்பது அதன் சாரம். இதற்கு எடுத்துக்காட்டு உத்தாயணன் என்ற அரசன். அவனைச் சோதிக்க ஒரு தேவன், நோயால் அழுகி நாறும் உடம்போடு துறவி வேடத்தில் வந்தான். அரசன் உணவிட்டான். வந்தவன் உண்டு, அரசன் மேலேயே வாந்தி எடுத்தான். சுற்றியிருந்தோர் ஓடினர். அரசனோ, 'நான் இட்ட உணவில்தான் ஏதோ பிழை' என்று வருந்தித் தன் கையாலேயே துடைத்துக் கழுவினான். கொல்லாமை எங்கள் தட்டுக்கு வகுத்த அறம். அருவருப்பின்மை எங்கள் அண்டைவீட்டாருக்காக வகுத்த அறம். முதலாவதை மட்டும் எடுத்துக்கொண்டு இரண்டாவதை விட்டுவிட்டால் அது அரைச் சமணம். சிறுபஞ்சமூலம், ஏலாதி என்று மருந்தின் பெயரையே அறநூலுக்கு வைத்த புலவர்களின் வழிவந்தவர்கள் நாங்கள். உணவு, மருந்து, கல்வி, அடைக்கலம் நான்கையும் தானம் என்று வைத்த சமயம் இது. அடைக்கலத்துக்கு வாடை பார்த்தா கொடுப்பது?

வாடை போன வழி

2020-ல் ஒரு விசித்திரம் நடந்தது. ஏப்ரல் 1 அன்று தாராவியில் முதல் கொரோனா நோயாளி கண்டறியப்பட்டார். இரண்டரைச் சதுர கிலோமீட்டருக்குள் எட்டு லட்சத்துக்கு மேல் ஜனம். தாராவி அழிந்தது என்றே பலர் எழுதினார்கள். மாநகராட்சியும் உள்ளூர் மருத்துவர்களும் மக்களும் வீடுவீடாகச் சோதித்து, தனிமைப்படுத்தி, சோறு கொடுத்துக் கட்டுப்படுத்தினார்கள். அந்த ஜூலையில் உலக சுகாதார நிறுவனத் தலைவரே தாராவியை எடுத்துக்காட்டாகச் சொன்னார். இந்த நோய்க்கும் வாடை கிடையாது. பலருக்கு மூக்கையே அது பறித்துக்கொண்டது. எனக்கும் மூன்று வாரம் போயிற்று. டப்பாவைத் திறந்து முகர்ந்தால் பெருங்காயம் மைதா மாவு மாதிரி சும்மா இருந்தது. மாட்டுங்காவிலும் தாராவியிலும் செம்பூரிலும் காபித்தூளை முகர்ந்து பார்த்துத்தான் ஜனங்கள் தங்களைத் தாங்களே சோதித்துக்கொண்டார்கள். சாதியும் பேட்டையும் பார்க்காமல் எல்லா மூக்கும் ஒன்றாகிப்போன காலம்.

அதிலிருந்து நகரம் என்ன கற்றுக்கொண்டது என்று பார்த்தால் மனம் சங்கடப்படுகிறது. பாந்த்ரா அறுப்புக்கூடம் 1971-ல் தேவ்னாருக்குப் போனது. அதன் பின்னே தாராவித் தோல் கிடங்குகளும் ஒவ்வொன்றாக மூடின. இன்று அங்கே மிஞ்சியிருப்பது பெரும்பாலும் பை, பெல்ட் தைக்கும் தொழில். நகரத்துக் குப்பை 1927 முதலே தேவ்னாரில் கொட்டப்படுகிறது. 2016 ஜனவரியில் அந்தக் குப்பைமேடு பற்றி எரிந்த புகை செயற்கைக்கோள் படத்திலேயே தெரிந்தது. செம்பூரும் கோவண்டியும் இருமின. இப்போது தாராவி மறுசீரமைப்பு வந்திருக்கிறது. அந்த இடத்திலேயே வீடு பெறத் தகுதியில்லாதவர்கள் என்று கணக்கிடப்படுவோருக்கு வீடு கட்ட, தேவ்னார் குப்பைமேட்டு நிலத்தில் சுமார் 124 ஏக்கரை ஒதுக்க 2024 அக்டோபரில் மாநில அமைச்சரவை முடிவு செய்தது. குப்பையை முதலில் அகற்றிச் சுத்தம் செய்வோம் என்கிறார்கள்.

வரிசையைக் கவனியுங்கள். ஊருக்குள்ளிருந்து பாந்த்ராவுக்கு, தாராவிக்கு. பாந்த்ராவிலிருந்தும் தாராவியிலிருந்தும் தேவ்னாருக்கு. நூற்றைம்பது வருஷமாக வாடை போன வழியிலேயே மனிதரும் அனுப்பப்படுகிறார்கள். முன்பு வாடைதான் நோய் என்று தெரியாமல் சொன்னார்கள். இன்று குப்பைமேட்டு வாயுவும் ஊறும் கழிவுநீரும் உண்மையிலேயே நோய் என்று தெரிந்த பிறகும் அனுப்பப் பார்க்கிறார்கள். அந்த நிலம் குடியிருக்கத் தக்கதா என்பதை அளவிட்டுச் சொல்லக் கருவிகள் இருக்கின்றன. மண்ணையும் தண்ணீரையும் காற்றையும் சோதித்து, முடிவைத் தமிழிலும் மராத்தியிலும் இந்தியிலும் உருதுவிலும் அங்கே போகவேண்டியவர்களுக்கு முதலில் படித்துக் காட்ட வேண்டும். அதைக் கேட்பதற்கு நம் சங்கங்களுக்கு உரிமை உண்டு; அப்படிப் போகவேண்டியவர்களில் திருநெல்வேலித் தமிழ் பேசுகிறவர்களும் இருக்கிறார்கள்.

தொல்காப்பியர் மூக்கை மூன்றாவதாக வைத்துவிட்டு நிற்கவில்லை. ஆறாவதாக மனத்தை வைத்தார். கறையான் வரைக்கும் மூக்கு போதும். அடுத்த வீட்டுக்கு யார் வரலாம், எந்த நிலத்தில் யார் குடியிருக்கலாம் என்று தீர்மானிக்கிற இடத்தில் மூக்கு சாட்சி சொல்லட்டும். மனம் விசாரித்துத் தீர்ப்புச் சொல்லட்டும். அடுத்த முறை உங்கள் கட்டடக் கூட்டத்தில் வாடை பற்றிப் பேச்சு எழுந்தால், அன்பர்கள் இந்த ஒரு கேள்வியை மட்டும் எழுந்து நின்று கேட்டால் போதும்: இதனால் யாருக்காவது நோய் வருமா, இல்லை நமக்குப் பிடிக்கவில்லையா? இதற்குப் பதில் கிடைத்துவிட்டால் பாதி வழக்கு அங்கேயே தீர்ந்துவிடும்.